மந்திரம் தெரிந்தவர்களுக்கு எந்தக் காவல் நியாயம்? ராமநாதபுரம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

ராமநாதபுரத்தில் கூடும் எங்கள் வாசிப்புக் குழு இந்த வருடம் படிப்பதோடு நிற்காமல் ஒரு கற்பனை உலகத்தையும் சேர்ந்து எழுதுகிறது. கதை ஆளுக்கொன்று, உலகம் எல்லோருக்கும் பொது. அந்த உலகத்தில் நம்முடையதைப் போலவே வறண்ட ஒரு கடற்கரை உண்டு. அங்கே சில குழந்தைகள் காற்றைக் கட்டும் திறனோடு பிறக்கிறார்கள். கச்சான் காற்றை நிறுத்துவார்கள், வாடைக் காற்றைக் கிளப்புவார்கள், மேகத்தைத் திருப்புவார்கள். காற்றுக்கட்டிகள் என்று பெயர் வைத்தோம். அதுவரை சண்டை இல்லை. இவர்களை யார் கட்டுப்படுத்துவது என்ற பேச்சு வந்ததும் குழு இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் நான்காக.

முடிவு எடுக்காமல் மேலே எழுத முடியாது. காற்றுக்கட்டிகளைக் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கும் உலகத்தில் பிறக்கும் கதை வேறு, அவர்கள் சங்கம் வைத்துக் கூலி பேசும் உலகத்தில் பிறக்கும் கதை வேறு. மிகுபுனைவு நாவல்களிலும் கணினி விளையாட்டுகளிலும் இதற்கு ஏற்கெனவே பல ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றில் எது நியாயம், எது எங்கள் கரைக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, என் கட்சி எது என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஆபத்து உண்மையானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பாவம், அவர்களை விட்டுவிடுங்கள்’ என்று இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்ல முடியாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில், போய்ச் சேரும் முன்பே அலையில் போனது. தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் அங்கே மணலில் நிற்கின்றன. அப்படி ஒரு காற்றை ஒரு பதினான்கு வயதுப் பெண் கோபத்தில் கிளப்பிவிட முடியும் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவதில் தப்பே இல்லை. அந்தப் பயத்தை மதிக்காத கதையை என்னால் நம்பிப் படிக்க முடியாது.

கட்டுப்பாடே வேண்டாம் என்ற வழியும் பேச்சில் வந்தது. அதை நான் சீக்கிரமே தள்ளிவிட்டேன். ஒரு அமைப்பும் இல்லாத இடத்தில் பயம் சும்மா இருக்காது. ஊர்க் கூட்டமே போலீஸாகவும் நீதிபதியாகவும் மாறிவிடும். சூனியக்காரி என்று பெண்களுக்கு முத்திரை குத்தி அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகாரில் 1999-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்தப் பெண்களுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. சக்தி உண்மையிலேயே இருக்கும் உலகத்தில் அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்று யோசித்தால், ஏதோ ஒரு அமைப்பு வேண்டும் என்பது தெளிவு. காற்றுக்கட்டியைக் காப்பாற்றவும் அது வேண்டும்.

கோபுரம்

2009-ல் தொடங்கிய டிராகன் ஏஜ் விளையாட்டு வரிசையில் இருப்பதுதான் இந்த வழியின் முழு வடிவம். மந்திரத் திறன் தெரியவந்த குழந்தையை வீட்டிலிருந்து எடுத்துப் போய், வட்டம் எனப்படும் அமைப்பின் கோபுரத்தில் வளர்ப்பார்கள். டெம்ப்ளர்கள் என்ற வீரர்கள் காவல். குழந்தையின் ரத்தத்தை ஒரு குப்பியில் எடுத்து வைத்திருப்பார்கள். ஓடிப்போனால் அதைக் கொண்டே தேடிப் பிடிக்கலாம். வளர்ந்ததும் ஒரு சோதனை உண்டு: கனவுலகத்துக்குள் போய் ஒரு பேயைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். தோற்றால் டெம்ப்ளரின் வாள். தேற மாட்டார் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சடங்கு செய்து, மந்திரத்தோடு சேர்த்துக் கனவையும் உணர்ச்சியையும் அறுத்துவிடுவார்கள். கோபுரமே கைமீறிப் போய்விட்டது என்று முடிவானால், உள்ளே இருக்கும் மந்திரவாதிகள் அத்தனை பேரையும் கொல்ல அனுமதி வாங்கலாம்.

அந்த உலகத்தில் இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அங்கே மந்திரவாதியின் உடம்புக்குள் பேய் புகுந்துவிட முடியும். புகுந்தால் ஒரு கிராமமே அழியலாம். எங்கள் குழுவிலும் கோபுரத்துக்கு நல்ல ஆதரவு. கீழக்கரையிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர், எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என்னை நேராகவே கேட்டார்: “தம்பி, ஒரு பிள்ளைக்காக ஊரையே காவு குடுக்கச் சொல்றீங்களா? பூட்டி வைக்கிறது கொடுமைதான். பூட்டாம விட்டு ஒண்ணு நடந்துட்டா யாரு பொறுப்பு?”

இந்தக் கேள்விக்கு இந்தக் கரையில் நான் காட்டக்கூடிய பதில் ஏர்வாடி.

பேய் பிடித்தவர், செய்வினையில் விழுந்தவர் என்று நம்பப்படுகிறவர்களைப் பல தலைமுறைகளாக ஏர்வாடி தர்காவுக்கு அழைத்து வருகிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வருகிறார்கள். வந்தவர்களில் பலர் மனநோயாளிகள். தர்காவைச் சுற்றித் தனியார் சிலர் காப்பகம் என்ற பெயரில் கொட்டகைகள் நடத்தினார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படி ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

மனநோயாளிகளையும் மந்திரவாதிகளையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அப்படி வைப்பது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். பூட்டுகிறவர்கள் சொல்லும் காரணத்தை மட்டும்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அழைத்து வந்த குடும்பங்கள் கொடியவர்கள் இல்லை. அடிக்கிறார், சொல்லாமல் ஓடிப்போகிறார், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை. எந்தச் சங்கிலியைப் பற்றிக் கேட்டாலும் நியாயமாகத் தோன்றும் ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஆனால் தீ வந்தபோது அதைக் கழற்றும் வழி கட்டப்பட்டவர் கையில் இல்லை. ராத்தா கேட்ட ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வியைப் பூட்டியவரைப் பார்த்தும் கேட்க வேண்டும். கோபுரத்தின் கதை முழுக்க அந்தக் கேள்வியை ஒரு பக்கமாகவே கேட்கிறது.

ஏர்வாடிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே சட்டத்தில் வரும் மறுஆய்வு வாரியம். ஒருவரை மருத்துவமனையில் வைத்தது சரியில்லை என்றால் அவரோ அவர் சார்பில் ஒருவரோ அங்கே முறையிடலாம். மருத்துவமனைக்கு வெளியே இருக்கிற, மருத்துவமனையையே கேள்வி கேட்கக்கூடிய இடம் அது. டிராகன் ஏஜ் கோபுரத்தில் அப்படி ஒன்று இல்லை. மந்திரவாதி யாரிடம் முறையிடுவது? டெம்ப்ளரிடம். டெம்ப்ளரைப் பற்றி? டெம்ப்ளரின் மேலதிகாரியிடம். அந்த டெம்ப்ளர்களும் சுதந்திரமானவர்கள் இல்லை என்பதை அந்த விளையாட்டு நன்றாகக் காட்டுகிறது: அவர்களுடைய சக்திக்கு லைரியம் என்ற பொருளைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது போதையாகிவிடும், அதைக் கொடுக்கும் கை அவர்களை ஆளும் மதபீடத்தின் கை.

வீல் ஆஃப் டைம் நாவல் வரிசையில் இதைவிடக் கொடிய வடிவம் ஒன்று வரும். சியான்சன் பேரரசில் மந்திரம் உள்ள பெண்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, இன்னொரு பெண் அதைப் பிடித்து நடத்துவாள். பட்டையைப் பிடித்திருப்பவளும் கற்றுக்கொண்டால் அதே மந்திரத்தைச் செய்யக்கூடியவள்தான் என்பது பின்னால் தெரியவருகிறது. அந்தச் செய்தியை மறைக்க அந்தப் பேரரசு பாடுபடுவதைப் படிக்கும்போதே அந்த ஏற்பாட்டின் நியாயம் உடைந்துபோகிறது.

ராத்தா அப்போதும் விடவில்லை. “சரி, கட்டுப்பாடு இழந்த அந்தப் பிள்ளையை அந்த வாரம் எங்கே வைப்பீங்க?” அது நல்ல கேள்வி. அதற்கு மண்டபம் கேம்ப் நினைவுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களைக் காலரா போன்ற நோய்களுக்குப் பயந்து சில நாட்கள் தங்கவைத்து, கண்காணித்து, அப்புறம் கடல் தாண்டவிட்ட முகாம் அது. அங்கே கஷ்டம் இருந்தது. நாள் கணக்கும் இருந்தது. அதே இடம் பின்னாளில் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களுக்கான அகதி முகாம் ஆனது. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணமும் ஆகி, இன்னும் அங்கேயே இருப்பவர்கள் உண்டு. நாள் குறித்துத் தங்கவைப்பதற்கும் நாளே குறிக்காமல் வைத்திருப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த மண்ணிலேயே பார்க்கலாம். எங்கள் உலகத்தில் ஒரு காற்றுக்கட்டி நிலை தவறினால், நாள் குறித்து ஒரு தீவில் தங்கவைக்கலாம், கூடவே அவளுடைய அம்மாவும் போகலாம் என்று எழுத எனக்குச் சம்மதம். வாழ்நாள் கோபுரத்துக்குச் சம்மதம் இல்லை.

பதிவேடு

ஆளை வீட்டில் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. ஹாரி பாட்டர் கதைகளில் மந்திர அமைச்சகம் செய்வது ஏறக்குறைய இது. 17 வயதுக்குக் குறைந்தவர் இருக்கும் இடத்தில் மந்திரம் நடந்தால் அமைச்சகத்துக்குத் தெரிந்துவிடும். மந்திரம் நடந்தது தெரியும், செய்தது யார் என்பது தெரியாது. அதனால்தான் டாபி என்ற குட்டிப்பூதம் செய்த மந்திரத்துக்கு ஹாரிக்கு எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக் விசாரணையே இல்லாமல் 12 வருடம் சிறையில் கிடக்கிறார். பின்னால் அமைச்சகம் கெட்டவர்கள் கையில் விழுந்ததும், மந்திரம் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர்களைப் பதிவு செய்ய ஒரு ஆணையம் முளைத்து, மந்திரத்தைத் திருடினாய் என்று அவர்கள்மேலேயே வழக்குப் போடுகிறது. நல்லவர்கள் நடத்தும்போது வைத்த ஏட்டைக் கெட்டவர்கள் வந்து எரிக்க மாட்டார்கள். அதிலிருந்துதான் வேலையைத் தொடங்குவார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் வளர்ந்தவருக்கு இதைப் புரிய ஹாரி பாட்டர் தேவையில்லை. ரேகைச் சட்டம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். 1871-ல் வெள்ளைக்கார அரசு வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில சாதிகளில் பிறந்தாலே குற்றவாளி என்று வைத்து, கைரேகை எடுத்து, பெயரைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்ன சட்டம். முதுகுளத்தூர் பக்கத்து ஆப்பநாட்டு ஊர்களிலும் போடப்பட்டது. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டது; இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது. இரவில் மனைவி மக்களோடு வீட்டில் தூங்குவதற்கே ஒரு மனிதன் அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதை, அந்தச் சட்டத்தின் ஷரத்துகளைவிட அந்த வீடுகளில் சொல்லப்படும் கதைகள் நன்றாகச் சொல்லும்.

ஆனால் பதிவேடு என்றாலே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குப் பதிவு எண் உண்டு. கடலுக்குப் போகும் நாளில் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். 1983-ன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இதில் எதையும் மீனவர்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். நிவாரணம் போதவில்லை என்பார்கள், அடுத்த ஊர்ப் படகு மீறுகிறது என்பார்கள். என்றாலும் அந்த விதிகள் படகைப் பற்றியவை, வலையைப் பற்றியவை, மீன் குஞ்சு பொரிக்கும் மாதத்தைப் பற்றியவை. படகை விற்றுவிட்டு ஒருவர் கரையேறினால் அன்றோடு விதியும் அவரை விட்டுவிடும். ரேகைச் சட்டம் பிறந்த குழந்தையின்மீது ஏறி உட்கார்ந்தது, இறங்கவே இல்லை. எங்கள் உலகத்தில் ஏடு இருந்தால், யார் காற்றுக்கட்டி என்று எழுதும் ஏடாக அது இருக்கக் கூடாது. எந்த நாளில், எந்தக் காற்று, யார் கேட்டுக் கட்டப்பட்டது என்று எழுதும் ஏடாக இருக்க வேண்டும்.

கடல்கட்டி

எங்கள் விவாதத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மந்திரவாதிக்கு அரசு வேலை கொடுத்துக் கட்டுப்படுத்துவது கற்பனைக் கதைக்காரர்கள் கண்டுபிடித்த யோசனை இல்லை. இந்தக் கடலில் அது நடந்திருக்கிறது.

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பை விவரிக்கிறார். கடலில் பெரிய மீன்கள் குளியாட்களைக் கடிக்காமல் இருக்க அவற்றை மந்திரத்தால் கட்டுகிறவர்கள் இருந்தார்களாம். கிடைத்த முத்தில் மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு அந்தப் பகலுக்கு மட்டும். இரவில் அவர்களே அவிழ்த்துவிடுவார்கள். பல நூற்றாண்டு கழித்து ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பிலும் அதே வேலைக்கு ஆள் இருந்தார். கடல்கட்டி என்று பெயர். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அந்த மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கடல்கட்டி இல்லையென்றால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசே அவரை வைத்துக்கொண்டது.

கோபுரத்தோடும் பதிவேட்டோடும் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு மனிதத்தன்மை உள்ள ஏற்பாடு. யாரும் அவரைச் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போகவில்லை. அவருக்குப் பங்கு உண்டு, கரையில் மரியாதை உண்டு. கட்டுப்பாடும் இருக்கிறது: இந்தக் கடல், இந்தப் பருவம், சூரியன் விழும்வரை. ஒரு குளியாளைச் சுறா கடித்தால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மந்திரத்தை ஆபத்தாக மட்டும் பார்க்காமல் வேலையாகவும் பார்க்கிற வழி இது. எங்கள் குழுவில் இளையவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

நானும் சாய்ந்தேன், அந்த இரவு விஷயத்தை யோசிக்கும்வரை. இரவில் கட்டை அவிழ்ப்பது ஏன்? யாரும் இருட்டில் திருட்டுத்தனமாக முத்து எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மார்கோ போலோவே அப்படித்தான் சொல்கிறார். பகலில் குளியாளைக் காத்த மந்திரம், இரவில் முத்துப்படுகைக்கு உரிமை கொண்டாடியவர்களின் காவல்நாய் ஆகிவிட்டது. சம்பளம் கொடுக்கிறவர் யாரோ அவருடைய கணக்குக்குத்தான் மந்திரம் வேலை செய்யும்.

இதை எங்கள் உலகத்தில் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்திலேயே ஒரே மழைக்கு எத்தனை முகம்? ஐப்பசி கார்த்திகையில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கண்மாய் நிரம்பவில்லை என்றால் நெல்லும் இல்லை, மிளகாயும் இல்லை. அதே மழை முந்தி வந்தாலும் பிந்தி நின்றாலும் வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்தி கரைந்துபோகும், அங்கே கூலிக்கு உப்பு வாருகிற பெண்களுக்கு வேலை நின்றுவிடும். மழையோடு காற்றும் சேர்ந்தால் பாம்பன் படகுகள் கரையில் கிடக்கும். காற்றுக்கட்டி மேகத்தைத் திருப்பினால் ஒருவருக்குச் சோறு, இன்னொருவருக்குப் பட்டினி. எர்த்ஸீ என்ற தீவுலகத்தில் நடக்கும் கதைகளில் மந்திரப் பள்ளியின் பாடமே இதுதான்: ஒரு தீவில் வரவழைத்த மழை இன்னொரு தீவில் வறட்சியாகலாம். அரசன் சம்பளம் கொடுத்தால் வரி எங்கே அதிகமோ அங்கே மழை பெய்யும். கோபுரமும் பதிவேடும் ‘இந்த ஆள் ஆபத்தானவரா’ என்று மட்டும் கேட்டன. கடல்கட்டியைப் பார்த்த பிறகுதான் ‘இந்தச் சக்தி யாருக்குப் போகிறது’ என்ற கேள்வியே எங்களுக்கு வந்தது. நியாயம் என்று பேசினால் இரண்டாவது கேள்விதான் பெரியது என்று நினைக்கிறேன்.

சங்கம்

மந்திரம் தெரிந்தவர்களே தங்களுக்கு விதி வைத்துக்கொள்வது நான்காவது வழி. வீல் ஆஃப் டைமில் வெள்ளைக் கோபுரம் அப்படிப்பட்டது. அங்கே இருக்கும் பெண்கள் மூன்று சத்தியம் செய்கிறார்கள்: உண்மையல்லாத சொல்லைச் சொல்ல மாட்டோம், மனிதனை மனிதன் கொல்ல ஆயுதம் செய்ய மாட்டோம், இருளின் படைக்கு எதிராகவோ உயிர் போகும் நிலையிலோ தவிர சக்தியை ஆயுதமாக்க மாட்டோம். விதிகள் மூன்றும் செயலைப் பற்றியவை என்பது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் வெளியாள் ஒருவரும் அவர்களை விசாரிக்க முடியாது. பொய் சொல்லக் கூடாது என்ற சத்தியத்துக்குள்ளேயே நின்றுகொண்டு உண்மையைத் திருப்பித் திருப்பிப் பேசுவதில் அவர்கள் தேர்ந்துவிடுகிறார்கள், ஊர் மக்கள் அவர்களை நம்புவதில்லை. எர்த்ஸீயின் ரோக் பள்ளி பெண்களைச் சேர்ப்பதே இல்லை. தன்னைத் தானே ஆளும் சங்கத்துக்கு வரும் வியாதி இது: யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் அதுவே முடிவு செய்துகொள்ளும்.

நம் கரையிலும் இதன் இரண்டு பக்கமும் தெரியும். பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் மோதி, வலைகள் அறுந்து, உயிரும் போன பிறகு ஒரு ஏற்பாடு வந்தது: வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். மோதிக்கொண்ட இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட கணக்கு என்பதால்தான் அது இத்தனை காலம் தாக்குப்பிடித்தது. மீறல்கள் இல்லாமல் இல்லை. இழுவலை செய்த சேதத்தை நாள் பிரிப்பது மட்டும் சரி செய்துவிடவும் இல்லை.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அம்மா காலத்திலிருந்து அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி பறித்த பெண்கள் தங்கள் கடலிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். சட்டத்தின் நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது, பவளப்பாறை அழிந்துகொண்டிருந்தது. ஆனால் விதி எழுதும்போது அவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்களே ஒன்றுகூடினார்கள். மாதத்தில் குறித்த சில நாட்கள் மட்டும் எடுப்பது, பாறையைச் சுரண்டாமல் விரலில் துணி சுற்றிக் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லெட்சுமிக்கு இதற்காக 2015-ல் சீகாலஜி என்ற அமைப்பின் பரிசு கிடைத்தது. தீவின் பாசி எந்த மாதம் எப்படி வளரும் என்பது தினமும் முங்குகிறவருக்குத் தெரிந்த அளவு அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. காற்றைக் கட்டுவது எப்போது ஆபத்து என்பதும் அப்படித்தான். அதைக் காற்றுக்கட்டிதான் முதலில் அறிவார். கோபுரம் அந்த அறிவைப் பூட்டி வைத்துவிட்டு, அறியாதவர் கையில் வாளைக் கொடுக்கிறது.

என் முடிவு

எங்கள் உலகத்துக்கு நான் சொல்வது சங்கம். ஆனால் வெள்ளைக் கோபுரம் மாதிரி தனியாக உட்கார்ந்த சங்கம் வேண்டாம். காற்றுக்கட்டிகளுக்குப் பாதி இடம். மீதிப் பாதியில் கண்மாய்ப் பாசனக்காரர், உப்பளப் பெண்கள், நாட்டுப்படகுக்காரர். எந்தக் காற்றை எப்போது கட்டலாம் என்பதை இவர்கள் சேர்ந்து பேசுவார்கள், ஏட்டில் எழுதுவார்கள், அந்த ஏட்டை யாரும் கேட்டுப் பார்க்கலாம். கூலி சங்கத்தின் பொதுப் பணத்திலிருந்து. கேடு நடந்தால் விசாரிப்பது சங்கம் இல்லை, ஊரின் பொது நீதிமன்றம். வீட்டைக் கொளுத்தியவனை எந்தச் சட்டத்தில் விசாரிப்பார்களோ அதே சட்டம்தான் புயலைக் கிளப்பியவளுக்கும். நிலை தவறியவரை நாள் குறித்துத் தங்கவைக்கும் தீவு உண்டு. குறித்த நாளுக்கு மேல் ஒரு நாள் கூட்ட வேண்டும் என்றாலும் நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். தீவில் இருப்பவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் நீதிமன்றத்துக்கு ஆள் அனுப்பலாம். திறன் இருந்தும் காற்றைத் தொடாமல் வாழ விரும்புகிறவர் ஏட்டிலேயே வர மாட்டார்.

இது மெதுவான அமைப்பு என்று ராத்தா சொன்னார். சரிதான். புயல் வருகிற இரவில் அரைமணி நேரம் கூடிப் பேச முடியாது. அந்த இரவுக்குக் கரையில் நிற்கும் காற்றுக்கட்டியே முடிவு எடுக்கட்டும், மறுநாள் சங்கத்தில் வந்து சொல்லட்டும் என்று விதி வைத்தோம். அதில் தப்பு நடக்கலாம். கோபுரத்திலும் தப்பு நடக்கும். இங்கே நடந்தால் அது ஊருக்குத் தெரியும், சம்பந்தப்பட்டவர் உயிரோடு வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

உங்கள் உலகத்தில் மந்திரம் வேறு மாதிரி இருந்தால் கணக்கு மாறலாம். டிராகன் ஏஜ் போல, மந்திரவாதி விரும்பாமலே ஒரு பேய் அவருக்குள் நுழைய முடியும் என்றால் தங்கவைக்கும் நாட்கள் கூடும், பயிற்சி கட்டாயமாகும். அங்கேயும் அம்மாவைப் பார்க்க விடாமல் தடுப்பதற்கோ ரத்தத்தைக் குப்பியில் வைப்பதற்கோ அந்தப் பேய் காரணம் ஆகாது. மந்திரம் பிறப்பில் வராமல் படித்து வருவது என்றால் இன்னும் சுலபம்: டாக்டருக்கும் படகோட்டிக்கும் இருக்கும் உரிமம் மாதிரி ஒன்று போதும், இவ்வளவு சண்டை வேண்டாம்.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் சங்கத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ராத்தாவும் நாள் குறித்த தீவு என்ற நிபந்தனையோடு வந்துவிட்டார். தீராமல் நிற்பது ஒன்றுதான்: காற்றுக்கட்டிக் குழந்தை எந்த வயதில் சங்கத்தில் பேசலாம்? 18 என்கிறார் ராத்தா. அந்தக் குழந்தையைப் பற்றிய விதியை அவள் பேச முடியாத வயதிலேயே எழுதி முடித்துவிடுவோம் என்பதால் 12 போதும் என்கிறேன் நான். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.